வண்டி ஏன் நின்றது?

மும்பையில் டாக்ஸி என்றால் ஒரு காலத்தில் பத்மினி கார்தான். கறுப்பு உடல். மஞ்சள் கூரை. குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் அது தயாரானது. கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. மும்பையில் டாக்ஸியின் ஆயுள் 20 ஆண்டுகள். அதனால் 2023 அக்டோபர் இறுதியோடு பத்மினி டாக்ஸிகளின் காலம் முடிந்தது.

பத்மினி போய்விட்டது. ஆனால் வண்டி நடுவழியில் நிற்பது போகவில்லை. தாராவி 90 அடி ரோட்டிலும் நிற்கிறது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலும் நிற்கிறது. செம்பூர் நாக்காவிலும் நிற்கிறது.

நின்ற வண்டியில் மீட்டர் ஓடாது. அன்றைய வருமானம் போகும். காரணம் தெரியாமல் கேரேஜுக்குப் போனால் நாளைய வருமானமும் போகும்.

காரணத்தை ஓரளவு நாமே கண்டுபிடிக்கலாம். கண், காது, மூக்கு இந்த மூன்றும் போதும். ஆனால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உயிர், பிறகு வண்டி

இஞ்சின் நின்ற பிறகும் வண்டி கொஞ்ச தூரம் உருளும். அதற்குள் இடது ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்டியரிங் கனமாக இருக்கும். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக்கும் கட்டையாகிவிடும். பயப்படாதீர்கள். பலமாக மிதியுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள். உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

நான்கு பக்க இண்டிகேட்டரையும் எரிய விடுங்கள். பயணிகளை இடது பக்கமாக இறக்குங்கள்.

அடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ கேஸ் வாடையோ அடிக்கிறதா? அப்படியானால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பீடி, தீக்குச்சி கூடாது. கேஸ் வண்டி என்றால் சிலிண்டர் வால்வை மூடுங்கள். எல்லோரும் விலகி நில்லுங்கள்.

இஞ்சினும் ஓர் அடுப்புதான்

அடுப்பு எரிய என்ன வேண்டும்? எரிபொருள் வேண்டும். காற்று வேண்டும். நெருப்பு வேண்டும்.

பெட்ரோல் இஞ்சினுக்கும் இந்த மூன்றும் வேண்டும். பெட்ரோல் அல்லது கேஸ்தான் எரிபொருள். காற்று வடிகட்டி வழியாகக் காற்று வருகிறது. பிளக் தீப்பொறி தருகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இஞ்சின் நிற்கும்.

நின்ற இஞ்சினை மறுபடி சுற்றிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் செல்ஃப் மோட்டார். அதற்குப் பலம் கொடுப்பது பேட்டரி.

எப்படி நின்றது?

இதுதான் முதல் கேள்வி.

சுவிட்சை அணைத்தது போல் சட்டென்று நின்றதா? பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. தீப்பொறி வரவில்லை.

திக்கித் திணறி, குலுங்கி, மெல்ல நின்றதா? பெரும்பாலும் எரிபொருள் சரியாக வரவில்லை. முள்ளைப் பாருங்கள். இன்றைய டாக்ஸிகளில் பல சி.என்.ஜி.யில் ஓடுகின்றன. ஆனால் பல வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் கேஸுக்கு மாறும். பெட்ரோல் வற்றிவிட்டால், கேஸ் நிறைய இருந்தாலும் அவை ஸ்டார்ட் ஆகாது.

நிற்பதற்கு முன் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்ததா? அப்படியானால் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் தீர்ந்துபோகும். சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பினால் என்ன சத்தம்?

இது இரண்டாவது கேள்வி.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கலாம். அல்லது பேட்டரி ஒயர் கழன்றிருக்கலாம்.

"டக் டக்" என்று மட்டும் கேட்கிறது. பேட்டரியில் பலம் இல்லை. அல்லது செல்ஃப் மோட்டாரில் கோளாறு.

இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பேட்டரியும் செல்ஃபும் நன்றாக உள்ளன. எரிபொருளோ தீப்பொறியோதான் வரவில்லை. இப்போது சாவியைப் பாதி மட்டும் திருப்புங்கள். இன்றைய பெட்ரோல் கார்களில் பின்சீட்டுப் பக்கம் "ம்ம்" என்று இரண்டு நொடி கேட்கும். அது பெட்ரோல் பம்பின் சத்தம். அது கேட்கவில்லை என்றால் முதலில் பம்பின் ஃபியூஸைப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல பேட்டரியும் தீர்ந்துபோகும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

ஓர் உரையாடல்

ஓட்டுநர்: அண்ணாச்சி, வண்டி நின்னுபோச்சு. பேட்டரி அவுட். புதுசு ஒண்ணு போடுங்க.

மெக்கானிக்: இருங்க தம்பி. எப்படி நின்னுச்சு?

ஓட்டுநர்: பள்ளத்துல இறங்கி ஏறிச்சு. சட்டுனு நின்னுபோச்சு.

மெக்கானிக்: அதுக்கு முன்னாடி சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?

ஓட்டுநர்: இல்ல அண்ணாச்சி. காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு.

மெக்கானிக்: இப்போ ஹெட்லைட் எரியுதா?

ஓட்டுநர்: ஒண்ணுமே எரியல.

மெக்கானிக்: காலையில நல்லா இருந்த பேட்டரி ஒரு பள்ளத்துலயா தீர்ந்துபோகும்? பானெட்டைத் திறங்க.

மெக்கானிக் பேட்டரி முனையைத் தொட்டார். ஒயர் ஆடியது. முனையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. சாவியை அணைக்கச் சொன்னார். முனையைச் சுத்தம் செய்தார். நட்டை இறுக்கினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. புதுப் பேட்டரியின் விலை மிச்சம்.

சூட்டில் நின்றால்

பத்மினியின் பெட்ரோல் பம்ப் இஞ்சினோடு சேர்ந்தே இருந்தது. மே மாத வெயிலில், நெரிசலில், பம்பு சூடாகும். உள்ளே பெட்ரோல் ஆவியாகும். ஆவியைப் பம்பால் இழுக்க முடியாது. வண்டி நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டால், ஆறியதும் வண்டி கிளம்பும்.

இன்றைய கார்களில் பம்பு பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கிறது. ஈரத்துணி வைத்தியம் இதற்கு உதவாது. ஆனால் சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுகிறதா? அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள். சூடானால் மட்டும் வேலை செய்யாத மின்சாரப் பாகங்கள் உண்டு. கேரேஜில் ஆறிய வண்டி நன்றாக ஓடும். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

சூட்டு முள் மேலே ஏறி நின்றதா? ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். நன்றாக ஆறும் வரை காத்திருங்கள்.

மழைத் தண்ணீரில் நின்றால்

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மும்பை மூழ்கியது. அன்று தண்ணீரில் நின்ற கார்களுக்குள் சிக்கியே சிலர் உயிர் இழந்தார்கள். கிங்ஸ் சர்க்கிள், சயான் பகுதிகள் தாழ்வானவை. அங்கே பெருமழையில் தண்ணீர் தேங்கும்.

தண்ணீரில் வண்டி நின்றால் சாவியைத் திருப்பாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். காற்று போகும் வழியில் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. இஞ்சினைச் சுற்றினால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். சிறு செலவு பெருஞ்செலவாகும். வண்டியைத் தள்ளியோ இழுத்தோதான் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் ஏறுகிறதா? வண்டியை விட்டுவிடுங்கள். முதலில் கண்ணாடியை இறக்குங்கள். பிறகு இறங்கிவிடுங்கள். தாமதித்தால் தண்ணீரின் அழுத்தத்தால் கதவு திறக்காது. மின்சாரக் கண்ணாடியும் இறங்காமல் போகலாம். முன் கண்ணாடியை உடைப்பது கடினம். பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான பொருளால் அடித்து உடைக்க வேண்டும். வண்டியை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.

எழுதி வையுங்கள்

வண்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். வண்டி நின்றால் நான்கு வரி எழுதுங்கள். எப்போது நின்றது? எப்படி நின்றது? என்ன விளக்கு எரிந்தது? என்ன சத்தம் கேட்டது?

அதை மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள். அவர் மாற்றிய பாகத்தின் பெயரையும் விலையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். படித்துப் பாருங்கள். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது எளிதல்ல.

சொற்பொருள்

தீப்பொறி – சிறு நெருப்புத் துளி
காற்று வடிகட்டி – ஏர் ஃபில்டர்
அழுத்தம் – அமுக்கும் பலம்

பயிற்சி

1. இஞ்சினுக்குத் தேவையான மூன்று எவை?
2. "டக் டக்" சத்தம் எதைக் காட்டுகிறது?
3. தண்ணீரில் நின்ற வண்டியை ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது?
4. கோடிட்ட இடத்தை நிரப்புக: சூடான இஞ்சினில் ............ மூடியைத் திறக்கக் கூடாது.
5. உங்களுக்குத் தெரிந்த ஒரு வண்டி எப்போதாவது நின்றதா? அதைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுங்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று எல்லோரும் பேசுங்கள்.