முதியோர் இல்லமும் கடும் உஷ்ணமும்



நமது கடையில் முப்பது வருஷம் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர் இப்போது முதியோர் இல்லமொன்றில் இருக்கிறார். வெயில் கடுமையாயிருந்த ஒரு நாள் பிற்பகலில் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். கட்டிலருகே கூஜாவில் தண்ணீர் வைத்தது வைத்தபடியே இருந்தது. “ஏன் நானா, குடிக்கவில்லையா?” என்று கேட்டோம். “தாகமில்லை தம்பி” என்றார். நம் பெயரை இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். வயதின் மறதி என்றெண்ணித் திரும்பிவிட்டோம். அன்றிரவே அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. அது மறதியன்று, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது நமக்கு வெட்கமாயிருந்தது. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்ததை இங்கே பாடமாகத் தருகிறோம்.

1. பிளோரிடாவில் நடந்தது

2017 செப்டம்பர் 10-ம் தேதி ‘இர்மா’ என்ற புயல் அமெரிக்காவின் பிளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. அங்கே ஹாலிவுட் என்று ஓர் ஊர் உண்டு. சினிமாவுக்குப் பேர்போன ஹாலிவுட் வேறு, இது வேறு. அவ்வூரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கட்டடம் புயலுக்குத் தப்பியது, விளக்குகளும் எரிந்தன. குளிர்சாதனத்துக்கு வரும் மின்சாரம் மட்டுமே நின்றுபோயிற்று. மின்விசிறிகளையும் சிறு குளிர்ப்பான்களையும் வைத்துச் சமாளித்தார்கள். 13-ம் தேதி விடியுமுன் ஒருவர்பின் ஒருவராக உயிர் பிரியத் தொடங்கியது. சிலருடைய உடல் உஷ்ணம் 107 பாரன்ஹீட் டிகிரிக்கும் மேலிருந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். முடிவில் 12 பேருடைய மரணம் கொலைக் கணக்கிலே பதிவாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியோ கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது!

கடையிலே ஐஸ் பெட்டி நின்றுவிட்டால், வெண்ணெய் உருகுமுன் ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டி வருகிறோம். அங்கே மூன்று நாள் சென்றது.

2. முதிய உடம்பு ஏன் தாங்குவதில்லை?

உடம்பு சூட்டை வெளியேற்றும் வழி இரண்டு. ஒன்று, இரத்தத்தைத் தோலுக்கு அதிகமாக அனுப்புவது. மற்றொன்று வியர்வை. வயதானவர்களுக்கு வியர்வை குறைகிறது. இருதயம் கூடுதல் வேலையைச் சுமக்க முடிவதில்லை. தாக உணர்ச்சியும் மங்கிவிடுகிறது. நீர் பிரிவதற்கான மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் வியர்வையையே தடுக்கும். புத்தி தடுமாறியவர்களோ “தண்ணீர்” என்று கேட்கவும் அறியார்.

நம் நாட்டைப்போல் காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. காற்றே உடம்பைவிடச் சூடாகிவிட்டால் மின்விசிறி சூட்டைத்தான் வீசும். இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் உடம்புக்கு ஓய்வே இல்லை.

3. பிரான்சு கற்ற பாடம்

2003 ஆகஸ்டில் பிரான்சு தேசத்தில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்துக்கு மேலாகச் சுமார் 15,000 பேர் இறந்தனர். பெரும்பாலோர் முதியோர். அதன்பின் ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் குளிரூட்டிய அறை ஒன்றாவது இருக்க வேண்டுமென்று அங்கே விதித்தார்கள். தினம் சில மணி நேரம் குளிர்ச்சியில் இருந்தாலே உடம்பு தேறிக்கொள்ளும் என்பதே அதன் கருத்து. பிளோரிடாவிலும் 2018-ல் சட்டம் வந்தது. மின்சாரம் போனாலும் 96 மணி நேரம் உஷ்ணம் 81 பாரன்ஹீட் டிகிரியைத் தாண்டாமலிருக்க ஜெனரேட்டரும் எரிபொருளும் இல்லங்களில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டம்.

எல்லோரையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ணலாகாது. 2005-ல் ‘கத்ரீனா’ புயலின்போது நியூ ஓர்லீன்ஸ் பக்கத்தில், மாற்றப்படாத இல்லமொன்றில் 35 பேர் வெள்ளத்தில் மாண்டனர். அடுத்த மாதமே ‘ரீட்டா’ புயலுக்கு அஞ்சி டெக்ஸாஸில் முதியோரை ஏற்றிச் சென்ற பஸ் தீப்பற்றி 23 பேர் இறந்தனர். ஏற்பாடு முன்னதாகவே இல்லாவிட்டால் இருப்பதும் ஆபத்து, போவதும் ஆபத்து.

4. நாம் கேட்க வேண்டியவை

2016 ஏப்ரலில் வெப்பம் மிகுந்தபோது பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் வீட்டிலே இருந்தார்கள். இல்லத்திலிருக்கும் முதியோர் எங்கே போவார்கள்? ஆகவே பெற்றோரையோ உற்றாரையோ இல்லத்தில் சேர்த்திருப்பவர்களும், இல்லங்களுக்கு நன்கொடை அளிப்பவர்களும் இவற்றை விசாரிக்க வேண்டும்:

அ. குளிர்ச்சியான அறை ஒன்றாவது உண்டா? உஷ்ணமானி எங்கே மாட்டியிருக்கிறது?

ஆ. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? எத்தனை மணி நேரத்துக்கு எண்ணெய் இருக்கிறது?

இ. கேளாமலே வேளைக்கு வேளை தண்ணீர் கொடுப்பது யார் பொறுப்பு? (இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.)

ஈ. வெயில் காலத்தில் மருந்துகளை டாக்டர் மறுபடி பார்க்கிறாரா?

திடீர்த் தடுமாற்றம், தூக்க மயக்கம், வறண்ட நாக்கு, குறைந்து கறுத்த சிறுநீர் ஆகியவை அபாயக் குறிகள். உடம்பு அனலாய்க் கொதித்து நினைவு தவறினால் ஈரத்துணியால் போர்த்தி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

நன்கொடைப் பட்டியலில் அரிசியும் எண்ணெயும் எழுதுகிறோம். இனி ஓர் அறைக்குக் குளிர்சாதனமும் எழுதலாம். பார்க்கப் போகும்போது பழம் வாங்கிப் போவதுடன் நின்றுவிடாமல், ஒரு தம்ளர் தண்ணீரை நாமே எடுத்துக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அன்று நாம் செய்யத் தவறியது அதுவே.