கம்பைலர் இருக்கு, எஸ்டிடிஐஓ.ஹெச் இல்லையா?

கேள்வி: மடிக்கணினியில் புதிதாக உபுண்டு போட்டேன். சி நிரலை கம்பைல் செய்தால் ‘எஸ்டிடிஐஓ.ஹெச் என்ற கோப்பு இல்லை’ என்கிறது. எங்கள் ஊரில் இணையமும் மந்தம். திரும்ப முதலிலிருந்து நிறுவ வேண்டுமா?
— கல்லூரி மாணவர், ஜமுனாமரத்தூர்

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. உங்கள் நிரலிலும் தப்பில்லை. ஜிசிசி என்ற கம்பைலர் சமையல்காரர் என்றால், ஹெட்டர் கோப்புகள் மளிகைச் சாமான். ஆள் வந்துவிட்டார், சாமான் வரவில்லை. நீங்கள் கேட்கும் கோப்பு ‘லிப்சி6-டெவ்’ பொதியில் இருக்கிறது. அதைத் தனியாகத் தேடாதீர்கள். டெர்மினலில் முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’. ஜிசிசி, ஜி++, மேக், ஹெட்டர்கள் எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும்.

இணையத்துக்கு செல்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போடுங்கள். சிக்னல் சரியில்லையென்றால், மலையிலிருந்து போளூருக்கு இறங்கும்போது மடிக்கணினியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு கம்பைல் செய்ய இணையம் தேவையில்லை.

அடுத்து ‘எஸ்க்யூஆர்டி: அன்டிஃபைன்ட் ரெஃபரென்ஸ்’ என்று வந்தால் பதறாதீர்கள். கணித நூலகத்தை இணைக்கவில்லை, அவ்வளவுதான். கட்டளையின் கடைசியில் ‘-எல்எம்’ சேருங்கள். முன்னால் போட்டால் பல சமயம் வேலை செய்யாது.

உங்கள் மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருடமே, 1987-ல், ஜிசிசி வெளியானது. இத்தனை வருடம் உழைத்த கம்பைலர் உங்களையும் கைவிடாது!