அபாயக் குரலை அடக்கும் வைரஸ்கள்

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது என்று உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அச்செல்களோடு ஒப்பிட்டால் வைரஸ் மிகமிகச் சிறியது. இன்ஃபுளுயன்சா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. அதற்குத் தானாக உண்ணவும் தெரியாது. தானாகப் பெருகவும் இயலாது. இவ்வளவு அற்பமான பொருள் நல்ல உடற்கட்டுள்ள ஒரு மனிதரைப் படுக்கையில் கிடத்திவிடுவது எப்படி? வைரஸ் பலத்தால் வெல்வதில்லை. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் எச்சரிக்கைச் செய்தியை மறித்து வெல்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

இன்டர்ஃபெரான் கண்ட கதை

1957ஆம் ஆண்டு, லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அலிக் ஐசக்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் ஜீன் லிண்டன்மன் என்ற சுவிஸ் விஞ்ஞானியும் ஒரு சோதனை செய்தனர். கரு வளரும் கோழி முட்டையினுள் உள்ள சவ்வைச் சிறு துண்டுகளாக்கி, வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுயன்சா வைரஸோடு ஒரு திரவத்தில் வைத்தனர். பிறகு அத்திரவத்தை எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகள்மீது விட்டனர். அப்புதிய துண்டுகளில் உயிருள்ள வைரஸைச் சேர்த்தபோது அது வழக்கம்போல் பெருகவில்லை!

தாக்கப்பட்ட செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டு, மற்ற செல்களைக் காத்திருக்கின்றன என்பது இதனால் விளங்கியது. ‘குறுக்கிடுதல்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அப்பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். இதற்கு முன்பே, 1954இல், ஜப்பானில் நகானோ, கோஜிமா என்ற இருவரும் இத்தகைய பொருள் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தனர்.

செய்தி செல்லும் வழி

ஊரில் இரவுக் காவலர் திருடனைக் கண்டால் முதலில் குரல் கொடுப்பார். அண்டை வீட்டார் விழித்துக் கதவைத் தாழிட்டுக்கொள்வர். செல்களிலும் இதுவே நடக்கிறது.

முதலாவது, செல்லினுள் ‘ரிக்-ஐ’ என்ற காவல் புரதம் உண்டு. செல்லின் சொந்தச் செய்திகளைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. இழைகளின் நுனியில் ஒரு மூடி இருக்கும். இன்ஃபுளுயன்சா வைரஸின் ஆர்.என்.ஏ. நுனியிலோ மூன்று பாஸ்பேட்டுகள் மூடியின்றி நிற்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே அந்நிய இழையை ரிக்-ஐ கண்டுகொள்கிறது.

இரண்டாவது, அது மைட்டோகாண்டிரியாவின் மேலுள்ள ‘மேவ்ஸ்’ என்ற புரதத்துக்குச் செய்தி சொல்கிறது. பாடத்தில் செல்லின் ஆற்றல் நிலையம் என்று நாம் படிக்கும் மைட்டோகாண்டிரியா, எச்சரிக்கை நிலையமாகவும் இருப்பது 2005இல் தெரியவந்தது.

மூன்றாவது, அங்கிருந்து செய்தி உட்கருவை அடைந்து, இன்டர்ஃபெரானுக்கான ஜீனை இயக்குகிறது. இன்டர்ஃபெரான் செல்லைவிட்டு வெளியேறி அண்டைச் செல்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. உடனே அச்செல்களில் ‘ஸ்டாட்-1’, ‘ஸ்டாட்-2’ என்ற தூதர்கள் உட்கருவுக்கு விரைகின்றன. நூற்றுக்கணக்கான ஜீன்கள் விழித்தெழுகின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ.வை நறுக்கும் நொதிகளும், வைரஸ் தன் புரதங்களைச் செய்துகொள்ளவிடாமல் தடுக்கும் புரதங்களும் தயாராகின்றன. சளிக்காய்ச்சலின்போது நமக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வருவதற்கு இந்த இன்டர்ஃபெரானும் ஒரு காரணம்.

வைரஸின் தந்திரங்கள்

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வைரஸும் ஒவ்வோரிடத்தில் கைவைக்கிறது.

இன்ஃபுளுயன்சா வைரஸிடம் ‘என்.எஸ்.-1’ என்ற புரதம் உண்டு. அது காவலரின் வாயைப் பொத்துவதுபோல் ரிக்-ஐ செயற்படாமல் தடுக்கிறது. தட்டம்மை வைரஸின் ‘வி’ புரதம் ஸ்டாட் தூதர்களைப் பிடித்து நிறுத்துகிறது. எபோலா வைரஸின் ஒரு புரதம், ஸ்டாட்-1ஐ உட்கருவுக்குள் ஏற்றிச் செல்லும் வாகனப் புரதத்தில் தானே அமர்ந்துகொள்கிறது. தூதருக்கு இடமில்லாமல் போகிறது. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸோ, போலி ஏற்பிகளைச் செல்லுக்கு வெளியே அனுப்பி இன்டர்ஃபெரானை வழியிலேயே பிடித்துவிடுகிறது.

இதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1998இல் நியூயார்க்கில் கார்சியா-சாஸ்ட்ரே, பலேசி முதலிய விஞ்ஞானிகள் இன்ஃபுளுயன்சா வைரஸிலிருந்து என்.எஸ்.-1 ஜீனை நீக்கினர். அந்த வைரஸால் சாதாரண எலிகளை நோயுறச் செய்ய முடியவில்லை. ஆனால் ஸ்டாட்-1 இல்லாத எலிகளில் அதே வைரஸ் பெருகி நோயை உண்டாக்கியது. எச்சரிக்கை கேட்கும் உடலில் தோற்ற வைரஸ், எச்சரிக்கை கேட்காத உடலில் வென்றது. வைரஸின் வெற்றிக்குச் செய்தியை மறிப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டியது.

நாம் அறிய வேண்டியது

தட்டம்மையைப் பலர் சாதாரணமாக எண்ணுகின்றனர். அது எச்சரிக்கையை அடக்குவதோடு நில்லாமல், பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்களையும் தாக்குகிறது. 2013இல் நெதர்லாந்தில் தட்டம்மை பரவியபோது, தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஆராய்ந்தனர். பிற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் பெற்றிருந்த எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை மறைந்திருந்தன என்று 2019இல் அறிவித்தனர். தட்டம்மையிலிருந்து எழுந்த பிள்ளை, வேறு நோய்களுக்கு எளிதில் இரையாகலாம் என்பது இதன் பொருள்.

தடுப்பூசி இங்கேதான் உதவுகிறது. அதிலுள்ள வலுவிழந்த வைரஸ், நோய் தராமலே உடலுக்குப் பயிற்சி தருகிறது. பின்னர் உண்மையான வைரஸ் வரும்போது, எதிர்ப்பொருள்கள் முன்கூட்டியே இரத்தத்தில் காத்திருக்கின்றன. வைரஸ் செல்லுக்குள் புகுந்து காவலரை அடக்குவதற்கு முன்பே வெளியில் பிடிபடுகிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவதைப் போன்றது இது.

நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இரு தவணைகளாகத் தரப்படுகிறது: ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. பெற்றோர் பலர் முதல் தவணையோடு நிறுத்திவிடுவதுண்டு. மாணவியரே, இன்று வீட்டுக்குச் சென்றதும் தம்பி, தங்கையரின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் தவணைக்கான கட்டம் வெறுமையாக இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் படித்த உயிரியல் பாடம் உங்கள் வீட்டுக்கே பயன்பட்டதாகும்.