கலர் ஜெராக்ஸ் மெஷின் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து பத்திர ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ், இ-சேவை என்று தெருவுக்குத் தெரு போர்டு மாட்டுகிறார்கள். கடை திறந்ததும் கலர் மெஷின் ஆசை வந்துவிடுகிறது. வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் சில விஷயம்.

1. ஒரு மாதம் பொறுத்து, உங்களிடம் வரும் தாளை எண்ணுங்கள். பட்டா, சிட்டா, வில்லங்கம், ஜி.எஸ்.டி. பில் எல்லாவற்றுக்கும் கறுப்பே போதும். பத்தில் ஒன்றுதான் கலர் என்றால் கறுப்புக்குத் தனி மெஷின், கலருக்குச் சின்ன இங்க் டேங்க் பிரிண்டர். முடிந்தது கதை.

2. கலர் நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் உண்டு. நம் ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பம் விற்பவர்கள் வெளியூர்க்காரருக்கு விநாயகர், கதவு, தூண் மாதிரிகளை ஆல்பம் போட்டு அனுப்ப வேண்டும். அவர்கள் ஷோரூம்காரர் எடுத்து நீட்டும் பூந்தோட்டப் படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. பூ எந்த மெஷினிலும் அழகாகத்தான் விழும். உங்கள் சிற்பத்தின் படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய் அங்கேயே அடித்துப் பாருங்கள். மரத்தின் பழுப்பு சிவந்து போகிறதா, பச்சை தட்டுகிறதா, உளி பட்ட கோடு தெரிகிறதா என்று வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட் ஏமாற்றும்.

3. மெஷின் விலையைக் கடைசியில் பேசுங்கள். முதலில் நான்கு டோனர் விலை, டிரம் விலை, பியூசர் விலை. டோனர் டப்பாவில் 6,000 பக்கம் என்று போட்டிருக்கும். அது தாளில் 5 சதவீத அளவுக்கு அந்த நிறம் விழும் என்ற கணக்கு. ஆல்பம் படம் அடித்து 20 சதவீதம் விழுந்தால் 1,500 பக்கத்தோடு டப்பா காலி. யானை வாங்கியவன் தீனிக்குக் கடன் வாங்கிய கதையாகிவிடும்.

4. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய மெஷின்களில் கறுப்புக்கு ஒரு மீட்டர், கலருக்கு ஒரு மீட்டர். சர்வீஸ் ஒப்பந்தத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் கலர் பக்கத்துக்குப் பல மடங்கு காசு. 'ஆட்டோ கலர்' போட்டு வைத்திருந்தீர்கள் என்றால், கறுப்பு எழுத்துத் தாளில் அதிகாரி பச்சை மையில் ஒரு கையெழுத்து போட்டிருந்தாலும் மெஷின் அதைக் கலர் பக்கமாகவே எண்ணும். வாங்கிய அன்றே செட்டிங்கைக் கறுப்புக்கு மாற்றுங்கள். கலர் கேட்டால் மட்டும் கை வைத்து மாற்றி அடியுங்கள்.

5. மழையில் நனையக்கூடிய தாளுக்கு லேசர்தான். டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் கரையாது. சாதாரண கலர் மை அழிந்து ஓடும். மலையூர்களிலிருந்து பஸ் ஏறி வந்து ஜாதிச் சான்றிதழுக்குக் கலர் காப்பி எடுத்துப் போகிற மாணவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் லேசர் மெஷின் சூடேறும்போது கரண்டை இழுக்கும் இழுப்பை கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யு.பி.எஸ். தாங்காது. எவ்வளவு வாட் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

6. மலை மேல் வெள்ளிமலையில் ஆபீஸ் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் நமுத்து சுருளும், ஜாம் ஆகும், எழுத்து வெளிறும். தேவையான தாளை மட்டும் டிரேயில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கவரிலேயே சுற்றி வையுங்கள். டிரேக்கு ஹீட்டர் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். சர்வீஸ் ஆள் கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி வருவாரா, வந்தால் தனிக் காசா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு மலையடிவாரத்தோடு நின்றுவிடும்.

7. பழைய மெஷின் வாங்கினால் மீட்டர் பக்கத்தை அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

8. ரூபாய் நோட்டை விளையாட்டுக்குக்கூட கண்ணாடியில் வைக்காதீர்கள். பல மெஷின்கள் நோட்டின் அமைப்பைக் கண்டு அடிக்க மறுத்துவிடும். மறுக்காவிட்டாலும் சட்டப்படி குற்றம்.

9. பெரிய மெஷின் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. ஊரார் ஆதாரும் பத்திரமும் அதில் தங்கியிருக்கலாம். மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போதோ விற்கும்போதோ அதை அழித்துத் தரச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.