கடின நீரும் சிறுநீரகமும்: அச்சமும் உண்மையும்

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் எம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் வீட்டு போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அதுதானே டாக்டர், உள்ளே போய்க் கல்லானது?" இந்த ஐயம் இயல்பானதே. ஆனால், இவ்வச்சத்தால் சிலர் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். அதுவே கவலைக்குரியது.

கடினத்தன்மை என்பது என்ன?

மழைநீர் மண்ணையும் பாறையையும் கடந்து இறங்கும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இவ்வுப்புகள் மிகுந்த நீரே கடின நீர். அதில் சோப்பு எளிதில் நுரைக்காது.

புதுச்சேரி பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் நகரம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாகவே பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் நிற்கிறது. இன்று கடலோரக் கிணறுகளில் நீரை மிகுதியாக இறைக்கும்போது கடல்நீர் உட்புகுந்து உவர்ப்பும் கூடுகிறது.

உவர்ப்பையும் கடினத்தன்மையையும் நாம் "உப்புத் தண்ணீர்" என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். இரண்டும் வேறு. டி.டி.எஸ். மானி, கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே மதிப்பிடும். கடினத்தன்மையை அறிய ஆய்வகச் சோதனை தேவை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது.

கல்லுக்கு இந்நீர் காரணமா?

பெரும்பாலோருக்கு இல்லை. கடினத்தன்மை 400 உள்ள நீரில், அது முழுவதும் கால்சியத்தால் வந்தது என்றே கொண்டாலும், ஒரு லிட்டரில் இருப்பது 160 மில்லிகிராம் கால்சியமே. ஒரு தம்ளர் பாலில் அதைவிட அதிகம் உண்டு. மேலும், உணவோடு சேரும் கால்சியம் கீரை, கொட்டைப் பருப்பு வகைகளில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. கல் உருவாக முதன்மைக் காரணங்கள் வெயிலில் போதிய நீர் அருந்தாமை, மிகுந்த உப்பு, மிகுந்த இறைச்சி, பரம்பரை ஆகியவை.

ஆகவே, கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் தமக்கு மருத்துவர் வரையறுத்த அளவை மீறலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

நீரைக் கொதிக்கவைத்தால் கடினத்தன்மையின் ஒரு பகுதி வெள்ளைப் படிவாகப் பிரியும், கிருமிகளும் அழியும். ஆறவைத்துத் தெளிந்த நீரை அருந்தலாம். பாத்திரத்திலும் குழாய் முனையிலும் படிந்ததை எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் ஊறவைத்து அகற்றலாம். அவற்றோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் கலவாதீர்கள்; நச்சுவாயு உண்டாகும்.

கடின நீரில் சோப்பின் படிவு தோலில் தங்கி வறட்சியையும் அரிப்பையும் கூட்டலாம். சோப்பைக் குறைத்து, நன்கு கழுவி, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கருவி வாங்குமுன்

"வாட்டர் சாஃப்ட்னர்" கால்சியத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகிறது. எனவே டி.டி.எஸ். குறைவதில்லை. கடினத்தன்மை 400 உள்ள நீரை இவ்வாறு மாற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் சோடியம் சேரும். அத்தகைய நீரை இரண்டு லிட்டர் அருந்துபவர், ஒரு நாளைக்கு உரிய 2,000 மில்லிகிராம் வரம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீரிலேயே பெற்றுவிடுகிறார். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் இதை அருந்தலாகாது; கைக்குழந்தையின் பால் பவுடரையும் இதில் கரைக்கலாகாது. குளியலறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அக்கருவி போதும். சமையலறைக் குழாயைத் தனியே விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. கருவி எல்லா உப்புகளையும் குறைக்கும். ஆயினும் நிறைய நீரைக் கழிவாக்கும். சோதனை முடிவைப் பார்த்த பின்னரே அதை வாங்குங்கள்.

டயாலிசிஸ் பிரிவில் மட்டும் ஏன் இத்தனை கவனம்?

குடிக்கும் நீரில் எதை ஏற்பது என்பதைக் குடல் முடிவு செய்கிறது. டயாலிசிஸில் அக்காவல் இல்லை. ஒரு நான்கு மணி நேரச் சிகிச்சையில் சுமார் 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் உங்கள் இரத்தத்தை ஒட்டிச் செல்கிறது. அந்நீர் கடினமாயிருந்தால் குமட்டல், வாந்தி, தலைவலி, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை தோன்றும் என்பது 1967-இலேயே மருத்துவ உலகில் பதிவாயிற்று. அதனால்தான் அந்நீரை நாள்தோறும் சோதிக்கிறோம். சிகிச்சையின்போது இவ்வறிகுறிகள் தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே செவிலியரிடம் கூறுங்கள்.

பாத்திரத்தில் படியும் வெள்ளையைக் கண்டு தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்துவிடாதீர்கள். உங்கள் சிறுநீரகத்துக்குக் கடின நீரைவிடக் குடிக்கப்படாத நீரே பெரும் தீங்கு.