லேசர் முடித்த பிறகு கண் செய்யும் வேலை

கண்ணாடி அணியும் மாணவ நண்பர்களே! படிப்பு முடிந்ததும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று உங்களில் பலர் எண்ணியிருப்பீர்கள். லேசர் ஒளி ஒரு கண்ணில் வேலை செய்வது பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே. ஆனால் மருத்துவரோ பல வாரங்களுக்குச் சொட்டு மருந்து விடச் சொல்கிறார். கண்ணைக் கசக்கவே கூடாது என்கிறார். ஏன்?

முதலில் கண்ணின் ஒளியியலைப் பார்ப்போம். கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். இதில் சுமார் 43 டயாப்டர், கண்ணின் முன்புறமுள்ள கார்னியா என்னும் ஒளி புகும் படலத்தினுடையது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கினால் பிம்பம் திரைக்கு நகரும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பகுதியில் 1 டயாப்டர் குறைக்க, நடுவில் சுமார் 12 மைக்ரான் நீக்கினால் போதும். 3 டயாப்டருக்கு 36 மைக்ரான். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி!

இவ்வளவு மெல்லியதாகச் சீவ வழிகாட்டியவர்களுள் ஒருவர், 1929-இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின் மீது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா லேசர் செலுத்தப்பட்டது. சுற்றுப்புறம் கருகாமல் வெட்டு விழுந்தது. காரணத்தை நீங்களே கணக்கிடலாம். இந்த ஒளியின் ஒரு போட்டானின் ஆற்றல் 1240 ÷ 193 = 6.4 எலக்ட்ரான் வோல்ட். இரு கார்பன் அணுக்களின் ஒற்றைப் பிணைப்பை அறுக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். பிணைப்பு அறுந்த துணுக்குகள் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலும் சீனிவாசனும் இதை மாட்டுக் கண்களின் கார்னியாவில் செய்து காட்டினர்.

லாசிக் முறையில், கார்னியாவின் மேற்புறத்தில் சுமார் 100 மைக்ரான் தடிப்புள்ள ஏட்டை ஒரு பக்கம் ஒட்டியபடியே திறந்து, அடியில் லேசரைச் செலுத்தி, மீண்டும் மூடுகிறார்கள். தையல் கிடையாது. கார்னியாவின் உட்புறச் செல்கள் நீரை இடைவிடாது வெளியே இறைக்கின்றன. அதனால் உண்டாகும் உறிஞ்சுவிசை ஏட்டைப் பிடித்து வைக்கிறது. விளிம்பை மேல்தோல் செல்கள் ஏறக்குறைய ஒரு நாளில் மூடிவிடும். ஆனால் கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. எனவே உள்ளே நடக்கும் பிணைப்பு மிக மெதுவானது. பழைய வலிமை முழுதும் திரும்புவதில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வசிக்கும் ஒருவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பேருந்து கிளப்பும் தூசி கண்ணில் விழுகிறது. கை தானாகக் கசக்கப் போகும். கசக்கினால் ஏடு நகரக்கூடும்! அதனால்தான் வெளியில் காப்புக் கண்ணாடியும், தூங்கும்போது கண் மூடியும் தருகிறார்கள். சில நாட்களுக்குக் குளிக்கும் தண்ணீரும் கண்ணில் படலாகாது.

ஏட்டை வெட்டும்போது நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அவை வளரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கண்ணீர் சுரப்பது குறைகிறது. ஒளி முதலில் விலகுவது கண்ணீர்ப் படலத்தில்தான். அது வறண்டால், திருத்திய கார்னியாவும் மங்கலாகவே காட்டும். சொட்டு மருந்துகளில் ஒன்று இந்தப் படலத்தைக் காக்கிறது. மற்றவை கிருமியையும் வீக்கத்தையும் தடுக்கின்றன. பார்வை தெளிந்துவிட்டதே என்று நடுவில் நிறுத்துவது ஆபத்து. வலியோ, சிவப்போ, திடீர் மங்கலோ ஏற்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் உண்டு. இருட்டில் கண்மணி விரிவதால், திருத்திய பகுதியின் ஓரத்து ஒளியும் உள்ளே நுழைகிறது. பெரும்பாலோருக்கு இது சில மாதங்களில் குறைந்துவிடும்.

இன்னொன்று. வளரும் வயதில் பவர் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே 18 வயது நிறைந்து, ஓராண்டாவது பவர் மாறாமல் நின்ற பிறகே இச்சிகிச்சை பொருந்தும். அதுவரை கண்ணாடியே நம் தோழன்.

செய்து பாருங்கள்: கிட்டப்பார்வை உள்ளவர்கள் இரவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அட்டையில் ஊசியால் குத்திய துளை வழியே தெருவிளக்கைப் பாருங்கள். மங்கல் குறைகிறதா? ஏன் என்பதைக் கதிர்ப்படம் வரைந்து விளக்குங்கள். (சூரியனை இவ்வாறு பார்க்கவே கூடாது.)