‘பின்’ என்னும் சொல்

புதுதில்லி சரோஜினி நகர்க் கடைத்தெரு ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்றது. புதுச் சட்டையின் மடிப்பில் குத்தியுள்ள குண்டூசி, புடவைத் தலைப்பை நிறுத்தும் ஊக்கு, மின்சார இஸ்திரிப் பெட்டியின் பிளக்கிலுள்ள உலோகக் கால்கள் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் ‘பின்’ என்பர். அவ்வட்டாரக் கடிதங்களில் எழுதப்படும் 110023 என்னும் ‘பின்’ இவற்றோடு உறவுடையதன்று. 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களின் சேர்க்கையே அது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் முளையைக் குறித்தது. வண்டிச் சக்கரம் கழலாதவாறு அச்சின் நுனியில் நாம் செருகும் கடையாணியும் இவ்வினமே. குண்டூசி துணியின் உராய்வினால் மட்டும் நிற்பதாகலின் எளிதில் நழுவும். 1849-இல் அமெரிக்கரான வால்ட்டர் ஹண்ட் காப்புரிமை பெற்ற ஊக்கிலோ, கம்பியின் சுருள் வில்லாக அமைந்து ஊசிமுனையை மூடிக்குள் அழுத்தி நிறுத்துகிறது.

தமிழில் எழுதுங்கால் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘ரசீதைப் பின் இணைக்கவும்’ என்னும் சுற்றறிக்கையைப் படிப்பவர், பிறகு இணைப்பதா, பின்புறத்தில் இணைப்பதா, குண்டூசியால் இணைப்பதா என மயங்குவர். ஆதலின் குண்டூசி என்றே எழுதுதல் நன்று.

பிளக்கின் கால்களைப் பற்றிய மயக்கமோ உயிருக்கே கேடு தரவல்லது. மூன்று கால்களுள் இரண்டு மின்சாரத்தைக் கொண்டுசென்று திருப்புவன. மூன்றாவது நில இணைப்புக்குரியது. அது பருத்திருப்பதால் மற்றத் துளைகளில் நுழையாது. நீண்டிருப்பதால் செருகும்போது முதலிலும் பிடுங்கும்போது இறுதியிலும் தொடர்பு கொள்கிறது. பெட்டியின் உள்ளே மின்கம்பி பழுதுற்று உலோக உறையைத் தொடுமாயின், மின்னோட்டம் இக்கால் வழியே நிலத்திற்குப் பாயும். அம்மிகுதியால் பியூஸ் உருகி இணைப்பு அறும். அக்கால் இல்லையெனில் உறை மின்னேறியே இருக்கும். தொடுபவரின் உடலே நிலத்திற்கு வழியாகும்.

இதையறியாது, ஒடிந்த மூன்றாம் காலைப் பொருட்படுத்தாதவர் பலர். இரண்டு கால் பிளக்கைச் செருகுவதற்காக, சாக்கெட்டின் மேல்துளையில் குச்சியையோ திருப்புளியையோ நுழைத்து உள்மூடியைத் திறப்பவரும் உளர். அஃது அஞ்சத்தக்க பழக்கம். ஆசிரியர்கள் இதனை விளக்குகையில், எதனோடும் இணைக்கப்படாத பிளக்கையே மாணவர் கையில் தருக. கள ஊழியர்கள் பிளக்கை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. சாக்கெட்டில் மூன்று துளைகளிருந்தும் அதன் உட்புறத்தில் நில இணைப்புக் கம்பி பூட்டப்படாத கட்டடங்கள் உள்ளன. அவற்றைத் தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டே சோதிப்பித்தல் வேண்டும்.